முதலடி மறுக்கும் கலையும் முதலடி கேட்கும் திரையும்: கராத்தே திரைப்படங்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கராத்தேயின் அறநெறி முதலில் தாக்குவதை விலக்குகிறது. சண்டைத் திரைப்படமோ தாக்குதலை நம்பியே உயிர்வாழ்கிறது. இம்முரணைக் கராத்தே திரைப்படங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை ஜப்பான், அமெரிக்கா, தென்கொரியா ஆகிய நாடுகளின் சில படங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தற்காப்புக்கலை ஆர்வலர் காணத்தக்க படம் எது என்னும் வினாவிற்கு, சண்டையின் வேகத்தையோ அடியின் வலிமையையோ அளவுகோலாகக் கொள்ளாமல், முதலடி என்னும் சிக்கலைப் படம் எவ்வளவு நேர்மையாகக் கையாள்கிறது என்பதை அளவுகோலாகக் கொள்கிறது.

குறிச்சொற்கள்: கராத்தே, ஒக்கினாவா, சண்டைத் திரைப்படம், முதலடி, கட்டா, கராத்தே கிட், கருப்புப் பட்டை

முன்னுரை

தமிழில் ‘கராத்தே படம்’ என்னும் தொடர் நெடுங்காலமாகத் தளர்ந்த பொருளிலேயே வழங்கி வருகிறது. புரூஸ் லீ, ஜாக்கி சான் ஆகியோரின் ஹாங்காங் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, வெறுங்கையால் உதைத்தும் குத்தியும் சண்டையிடும் எல்லாப் படங்களையும் இப்பெயராலேயே அழைத்தது. ஆட்பெயருக்கு முன்னொட்டாகக்கூட இச்சொல் ஒட்டிக்கொண்டது. ஆயினும் இத்தளர்வு தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2010 இல் வெளிவந்த ‘தி கராத்தே கிட்’ மறுஆக்கத்தில் சிறுவன் பெய்ஜிங் நகரில் கற்பது குங்ஃபூ. தலைப்பு மட்டும் கராத்தேயாக நிற்கிறது. சீனாவில் அதே படம் குங்ஃபூக் கனவு என்னும் பொருள்படும் பெயருடன் வெளியிடப்பட்டது. பெயரைப் பற்றிய இக்குழப்பம் அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் கராத்தேயின் வரலாறே பெயர் பற்றிய ஒரு வழக்கு என்பதால் இதனை எளிதில் கடந்து செல்ல இயலாது.

கராத்தே ஒக்கினாவாவின் கலை. 1879 இல் ரியுக்யு அரசு ஜப்பானுடன் இணைக்கப்பட்டு ஒக்கினாவா மாவட்டமாக்கப்பட்டது. அதன்பின் அத்தீவின் சண்டைக்கலை ஜப்பானியப் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றது. 1922 இல் ஃபுனகோஷி கிச்சின் டோக்கியோவில் நிகழ்த்திய செயல்விளக்கம் இப்பயணத்தின் திருப்புமுனை. அக்காலத்தில் கராத்தே என்னும் ஒலிக்கு எழுதப்பட்ட முதல் எழுத்து சீனத்தின் தாங் அரசமரபைக் குறித்தது, பொருள் ‘சீனக்கை’. அதே ஒலியுடைய, வெறுமையைக் குறிக்கும் வேறோர் எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. பொருள் ‘வெறுங்கை’ ஆயிற்று. 1936 இல் நாஹா நகரில் கூடிய ஒக்கினாவா ஆசான்கள் இம்மாற்றத்தை ஏற்றனர். சீனாவுடன் ஜப்பான் பகைமை முற்றிய காலத்தில் ஒரு கலையின் பெயரிலிருந்து சீனம் நீங்கியது தற்செயல் என்று கொள்வதற்கில்லை. கராத்தே திரைப்படம் எதைக் காட்டினாலும், இக்கலை யாருடையது, யாருக்கு எதிரானது என்னும் வினா அதன் அடியில் கிடக்கிறது.

முதலடி என்னும் சிக்கல்

ஃபுனகோஷி தம் மாணவர்க்கு வகுத்த இருபது நெறிகளுள் இரண்டாவது, கராத்தேயில் ‘சென்தே’ கிடையாது என்பது. சென்தே என்பதை ‘முதற்கை’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். ‘முதலடி’ என்பது பொருளுக்கு நெருக்கமானது. காமகுரா நகரின் எங்காகு-ஜி ஆலயத்தில் அமைந்த அவரது நினைவுக்கல்லில் இந்நெறியே பொறிக்கப்பட்டுள்ளது. பயிற்சி முறையிலும் இதன் தடத்தைக் காணலாம். ஃபுனகோஷி வழியில் தொடக்க மாணவர் கற்கும் ஐந்து ஹெய்யான் கட்டாக்களும் தடுப்பசைவிலேயே தொடங்குகின்றன. கட்டா என்பது கற்பனை எதிரியுடன் தனித்து நிகழ்த்தும் ஒழுங்கமைந்த அசைவுத்தொடர். அதன் முதல் அசைவு எதிரி ஏற்கெனவே தாக்கிவிட்டான் என்பதை உட்கொண்டது.

இந்நெறிக்கு ஒக்கினாவா ஆசான்களிடையே ஒரே விளக்கம் இருந்ததில்லை என்பதையும் சுட்ட வேண்டும். மபுனி கென்வா, மோதோபு சோகி போன்றோர் இதனைக் கைகட்டி நிற்கும் நிலையாகக் கொள்ளவில்லை. தாக்குதல் உறுதி என்றான பின் முந்திக்கொள்வதை அவர்கள் ஏற்றனர். ஆக, ‘முதல்’ எங்கே தொடங்குகிறது, எதிரியின் கையிலா, கருத்திலா என்பது கராத்தேயின் உள்ளேயே தீராத வழக்கு.

திரைப்படத்திற்கு இது பெரும் இடர். பார்வையாளர் சீட்டு வாங்கி வருவது அடியைக் காண. நாயகன் அடிக்காமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தயாரிப்பாளருக்கு நெருப்பு. பெரும்பாலான படங்கள் இவ்விடரை மலிவான வழியில் தீர்க்கின்றன: எதிரியை எல்லையின்றிக் கொடியவனாக்கி, நாயகனின் ஒவ்வோர் அடியையும் பதிலடியாக்கிவிடுகின்றன. அந்த வழியை விட்டு விலகிய படங்களே இங்கு ஆய்வுக்குரியன.

ஹாங்காங்கின் கராத்தே

1970களின் தொடக்கத்தில் வந்த ஹாங்காங் படங்களில் கராத்தே எதிரியின் கலை. ஜிம்மி வாங் யூவின் ‘தி சைனீஸ் பாக்ஸர்’ (1970), புரூஸ் லீயின் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ (1972) ஆகியவற்றில் சீனப் பயிற்சிக்கூடத்தைச் சிதைக்க வருவோர் ஜப்பானியர். போர்க்கால நினைவு ஆறாத பார்வையாளருக்கு வெள்ளைச் சீருடையே வெறுப்பின் குறியாகப் போதுமாயிருந்தது. கராத்தே என்ன செய்கிறது என்பதில் இப்படங்களுக்கு அக்கறை இல்லை. சண்டைக்கலை ஆர்வலர் இவற்றைக் குங்ஃபூவுக்காகக் காண்பர், அதுவே முறை.

சுருகி: நெறியைக் கிழித்தெறியும் உடல்

டோயெய் நிறுவனம் 1974 இல் வெளியிட்ட ‘கெகிதோட்சு! சாட்சுஜின்கென்’, ‘தி ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது. இயக்கம் ஒசாவா ஷிகெஹிரோ. அமெரிக்காவில் வன்முறைக்காகவே எக்ஸ் தரச்சான்று பெற்ற முதற்படம் என இது குறிப்பிடப்படுகிறது. சோனி சிபா ஏற்ற சுருகி என்னும் பாத்திரம் கூலிக்கு வேலை செய்பவன். மரணதண்டனைக் கைதி ஒருவனைச் சிறையிலிருந்து மீட்கிறான். பேசிய கூலியைத் தர இயலாத அவனுடைய உடன்பிறந்தார்க்கு நேரும் கதி, படத்தின் முதற்பகுதியிலேயே பார்வையாளரின் பரிவை முற்றாக முறித்துவிடுகிறது. தம்பி உயிரிழக்கிறான், தங்கை விற்கப்படுகிறாள். நாயகனை விரும்பத்தக்கவனாக்கும் முயற்சி எதையும் இப்படம் மேற்கொள்ளவில்லை. கராத்தேயின் அறத்தை இப்படம் மீறுகிறது என்பதைவிட, அறம் நீங்கிய கராத்தே எப்படி இருக்கும் என்று காட்டுகிறது எனலே பொருந்தும். அறம் இருப்பதாக நடித்துக்கொண்டே அடியை விற்கும் படங்களைவிட இது நேர்மையானது.

சிபா உடற்பயிற்சிக் கல்வி பயின்றவர். ஒயாமா மசுதாட்சுவிடம் கியோகுஷின் கராத்தே கற்றவர். 1970 இல் ஜப்பான் ஆக்‌ஷன் கிளப் என்னும் சண்டை நடிகர் பயிற்சி அமைப்பை நிறுவியவர். சுருகி மூச்சை இரைந்து வெளியேற்றும் முறை பார்வையாளரைச் சிரிக்க வைக்கும். எனினும் அது நடிகரின் வெற்றுக் கற்பனை அன்று. கொஜு-ரியு, கியோகுஷின் வழிகளில் ‘இபுகி’ எனப்படும் மூச்சுப்பயிற்சி உண்டு. வயிற்றை இறுக்கி, ஒலியுடன் காற்றை வெளித்தள்ளி, உடலை ஒரு கணம் கல்லாக்குவது அது. பயிற்சிக்கூடத்தில் அசைவற்று நின்று செய்வதைச் சிபா சண்டையின் நடுவில், முகம் கோண, கண் பிதுங்கச் செய்கிறார். நடிப்பில் மிகை உண்டு. ஆனால் அம்மிகைக்குக் கீழே வேர் இருக்கிறது. சுருகியின் பகைவனாக வரும் இஷிபாஷி மசாஷியும் கராத்தே அறிந்தவர். மூத்த ஆசானாகத் தோன்றும் சுசூகி மசாஃபுமி நடைமுறையிலும் ஆசானே. டோஜோவில் சுருகியும் அவரும் மோதும் காட்சி, ஆரவாரம் மிகுந்த படத்தின் நடுவே அமைதியான ஒரு தீவு. ஆசானின் கால்கள் தரையை விட்டு அதிகம் எழுவதில்லை. தொலைவைக் காப்பதிலேயே அவரது ஆற்றல் வெளிப்படுகிறது. அடி விழும்போது மண்டையோடு உடைவதை எக்ஸ்ரே படமாகக் காட்டும் புகழ்பெற்ற உத்தியைவிட இக்காட்சி பலமுறை பார்க்கத் தக்கது.

ஒயாமா: ஒரு மனிதர், இரு நாடுகள்

1975 முதல் 1977 வரை யமகுச்சி கசுஹிகோ இயக்கத்தில் சிபா நடித்த மூன்று படங்கள் ஒயாமாவின் வாழ்வைக் கூறுவன. கஜிவாரா இக்கி எழுதிய ‘கராத்தே பாகா இச்சிதாய்’ என்னும் சித்திரக்கதைத் தொடர் அவற்றின் மூலம். காளையுடன் மோதும் படம் ஒன்று; கரடியுடன் மோதும் படம் மற்றொன்று. கரடி, கரடித்தோல் போர்த்த மனிதர் என்பது எவருக்கும் தெளிவு. அக்காட்சியைக் குறித்து அதற்கு மேல் கூறுவதற்கு ஏதுமில்லை.

கூறத்தக்கது வேறு. ஒயாமா 1923 இல் கொரியாவில் பிறந்தவர். இயற்பெயர் சோய் யோங்-ஈ. இளமையில் ஜப்பான் வந்து, ஃபுனகோஷி வழியிலும் கொஜு-ரியுவிலும் பயின்று, உடல்மேல் முழுவிசையுடன் அடிபடும் கியோகுஷின் வழியை வகுத்தவர். சித்திரக்கதையும் டோயெய் படங்களும் அவரை ஜப்பானிய வீரராகவே நிறுத்துகின்றன. கொரியப் பிறப்புக்கு அங்கு இடமில்லை. 2004 இல் யாங் யுன்-ஹோ இயக்கிய தென்கொரியப் படமான ‘ஃபைட்டர் இன் தி விண்ட்’ அதே வாழ்வைத் தலைகீழாக்குகிறது. அங்கு அவர் ஜப்பானில் இழிவுக்குள்ளாகும் கொரியர். ஜப்பானிய ஆசான்களை ஒருவர்பின் ஒருவராக வீழ்த்துவது குடியேற்ற ஆட்சிக்கான பழிதீர்ப்பாகிறது. ஒரே மனிதரின் முட்டி ஒரு நாட்டில் தேசப்பெருமையாகவும் மற்றொன்றில் அந்நாட்டின்மேல் விழும் அடியாகவும் அமைகிறது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காண்பவர், வாழ்க்கை வரலாற்றுப் படம் என்னும் வகைமை எதை மறைத்து எதைக் கட்டுகிறது என்பதை எளிதில் உணர்வர்.

இருபடங்களும் ஒத்துச்செல்லும் இடம் ஒன்று உண்டு. கலை நோக்கில் அதுவே இரண்டின் உச்சமும். சண்டையொன்றில் ஒயாமாவின் அடிபட்டு ஒருவன் இறக்கிறான். இறந்தவனுக்கு மனைவியும் சிறுமகனும் உள்ளனர். நாயகன் அக்குடும்பத்தைத் தேடிச் சென்று, வெறுப்பை ஏற்று, நிலத்தில் உழைக்கிறான். சண்டைப் படங்களில் வீழ்ந்தவர்கள் திரையின் விளிம்பைத் தாண்டியதும் மறக்கப்படுவர். அடிபட்டவனுக்கு ஒரு வீடு உண்டு என்று இப்படங்கள் காட்டுவது அவ்வழக்கத்தை உடைக்கிறது. கொரியப் படம் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவதும், மீண்டும் வெற்றிகளின் வரிசைக்குத் திரும்பிவிடுவதும் அதன் குறை.

மியாகி: தாமதத்தின் கலை

ஜான் ஆவில்ட்சன் இயக்கிய ‘தி கராத்தே கிட்’ (1984) சிறுவர் படமென ஒதுக்கப்படுவதுண்டு. தீவிரப் பயிற்சியாளர் பலர் அதனை நகைப்புடனேயே குறிப்பிடுவர். நாயகன் ரால்ஃப் மாச்சியோவின் அசைவுகளைக் கருதின் அந்நகைப்பில் நியாயம் உண்டு. ஆனால் முதலடிச் சிக்கலை அமெரிக்கப் படங்களுள் இதுபோல் ஆழமாகக் கையாண்டது வேறில்லை.

திரைக்கதையாசிரியர் ராபர்ட் மார்க் கேமன் கொஜு-ரியு பயின்றவர். முதியவருக்கு அவர் இட்ட மியாகி என்னும் பெயர் அவ்வழியை நிறுவிய மியாகி சோஜுனை (1888-1953) நினைவூட்டுவது. எதிர்த்தரப்புப் பயிற்சிக்கூடமான கோப்ரா காயின் சுவரில் மூன்று கட்டளைகள் எழுதப்பட்டுள்ளன: முதலில் அடி, வலுவாக அடி, இரங்காதே என்னும் கருத்தின. முதலாவது கட்டளை ஃபுனகோஷியின் நெறியை அப்படியே கவிழ்த்து வைத்தது. பார்வையாளருக்கு அந்நெறி தெரியாவிடினும் கதையின் எலும்புக்கூடு அதுவே.

மியாகி கற்பிக்கும் முறை யாவரும் அறிந்தது. சிறுவன் மகிழுந்துகளுக்கு மெழுகு பூசுகிறான், மரத்தளத்தைத் தேய்க்கிறான், வேலிக்கும் வீட்டிற்கும் வண்ணம் அடிக்கிறான். நாட்கணக்கில் ஓர் அடியும் கற்பிக்கப்படுவதில்லை. அவன் சினந்து வெளியேற முற்படும் இரவில், மியாகி அவன்மேல் குத்தும் உதையும் தொடுக்கிறார். வேலையில் பழகிய கைகள் தாமே உயர்ந்து தடுக்கின்றன. இக்காட்சியின் திறம் இரு தளங்களில் உள்ளது. ஒன்று, தொழில்நுட்பம்: மெழுகு பூசும் வட்ட அசைவு கொஜு-ரியுவின் ‘மவாஷி உகே’ என்னும் சுழல்தடுப்பை ஒத்தது. மற்றொன்று, கதையமைப்பு: கற்பிக்கப்பட்டவை அனைத்தும் தடுப்புகளே. தாக்குதலைக் காணத் துடிக்கும் பார்வையாளரும் சிறுவனைப் போலவே காக்க வைக்கப்படுகின்றனர். கட்டா தடுப்பில் தொடங்குவது போலப் படமும் தடுப்பில் தொடங்குகிறது. இது திட்டமிட்டு நேர்ந்ததோ இல்லையோ, பொருத்தம் துல்லியமானது.

இறுதி உதையையும் இவ்வழியில் காண வேண்டும். ஒற்றைக்காலில் கொக்குபோல் நிற்கும் நிலைக்கு கான்காகு கட்டாவில் முன்னோடி உண்டெனினும், திரையில் காணும் உதை படத்திற்காக வடிவமைக்கப்பட்டது. நடைமுறையில் பயனற்றது என்பதே பயிற்சியாளரின் பொதுக்கருத்து. ஆனால் அதன் நாடகப்பொருள் கவனிக்கத்தக்கது. டேனியல் காலைத் தூக்கி நின்று காத்திருக்கிறான். பாய்ந்து வருபவன் ஜானி. அவ்வருகைக்குப் பின்னரே உதை எழுகிறது. படத்தின் மிகப்பெரிய அடிகூட முதலடியன்று.

சண்டை அமைப்பாளர் பாட் ஜான்சன் தாங் சூ டோ என்னும் கொரியக் கலையில் தேர்ந்தவர். போட்டியின் நடுவராகத் திரையிலும் தோன்றுபவர். தாங் சூ என்பது ‘சீனக்கை’ என்ற பழைய எழுத்துகளின் கொரிய ஒலிப்பு. 1936 இல் கராத்தே கைவிட்ட பெயரைச் சுமக்கும் கலை, கராத்தேயின் புகழ்மிக்க படத்தில் கோப்ரா காய் மாணவரின் உதைகளாக வெளிப்படுகிறது. இதனைப் படக்குழு எண்ணியிருக்க வாய்ப்பில்லை. பெயர்களின் வரலாறு சிலவேளை இப்படிப் பழிதீர்த்துக்கொள்கிறது.

பாட் மொரீடாவின் நடிப்பே படத்தைத் தாங்குவது. அவர் கலிஃபோர்னியாவில் பிறந்தவர், மேடை நகைச்சுவையாலும் தொலைக்காட்சித் தொடர்களாலும் அறியப்பட்டவர், கராத்தே அறியாதவர். கடினமான அசைவுகளில் டெமுரா ஃபுமியோ அவருக்கு டூப்பாக நடித்தார். மொரீடாவின் ஆற்றல் வேறிடத்தில் வெளிப்படுகிறது. மியாகி குடித்துத் தள்ளாடும் இரவில், அவர் ஜப்பானிய அமெரிக்கர்களைக் கொண்ட 442 ஆம் படைப்பிரிவில் போரிட்டவர் என்பதும், அவர் போர்முனையில் இருந்தபோது மான்சனார் தடுப்பு முகாமில் மனைவியும் பிறந்த குழந்தையும் இறந்தனர் என்பதும் தெரியவருகின்றன. நாட்டிற்காகப் போரிட்டவனின் குடும்பத்தை அந்நாடே முள்வேலிக்குள் வைத்திருந்தது. படநிறுவனம் இக்காட்சியை நீக்க விரும்பியது. இயக்குநர் விட்டுக்கொடுக்கவில்லை. மொரீடா தாமும் சிறுவயதில் முதுகெலும்புக் காசநோயால் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து, நடக்கத் தொடங்கியதும் அத்தகைய முகாம் ஒன்றிற்கே அனுப்பப்பட்டவர். துணைநடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்குக் கிடைத்ததில் இக்காட்சியின் பங்கு பெரிது.

மியாகியின் பேழையில் இருக்கும் உயரிய வீரப்பதக்கம் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். போரை அடுத்த ஆண்டுகளில் அப்படைப்பிரிவினருள் அப்பதக்கம் பெற்றவர் ஒருவரே. மேலும் பலருக்கு அது வழங்கப்பட்டது 2000 ஆம் ஆண்டில். அரசு செய்யத் தவறியதைப் புனைவு பதினாறு ஆண்டு முன்னதாகவே செய்திருக்கிறது. முதலில் அடிக்காதே என்னும் பாடத்தைச் சொல்பவர் போரில் கொன்றவர், போரால் எல்லாம் இழந்தவர் என்பதை இக்காட்சிக்குப் பின் பார்வையாளர் மறக்க இயலாது. தாமதித்து அடிக்கும் கலையை அவர் எங்கே கற்றார் என்பதற்கு ஒக்கினாவா மட்டும் விடையன்று.

கருப்புப் பட்டை: நெறியை இரண்டாகப் பிளத்தல்

நாகாசாகி ஷுன்இச்சி இயக்கிய ‘குரோ-ஓபி’ (2007), அதாவது ‘கருப்புப் பட்டை’, இவ்வரிசையில் தனித்து நிற்பது. கதை 1932 இல், மஞ்சூரியாவை ஜப்பானியப் படை கைப்பற்றியிருந்த காலத்தில் நிகழ்கிறது. கியூஷுவின் காட்டுக்குள் ஒரு சிறு டோஜோ, ஓர் ஆசான், மூன்று மாணவர்கள். தாக்குதலுக்குக் கராத்தேயைப் பயன்படுத்தலாகாது என்பது ஆசானின் கட்டளை. பயிற்சிக்கூடத்தைத் தன் தேவைக்கு எடுத்துக்கொள்ள இராணுவம் வருகிறது. ஆசானுக்குப் பின் அவரது கருப்புப் பட்டை யாருக்கு உரியது என்பது கதையின் வினா. கிர்யு என்னும் மாணவன் கட்டளையை எழுத்துக்கு எழுத்துக் காக்கிறான், தடுப்பையே படைக்கலமாக்குகிறான். தாய்கான் என்பவன் வெல்லாத கராத்தே கராத்தேயன்று எனக் கருதி, இராணுவத்துடன் சேர்ந்து ஒவ்வொரு டோஜோவாக வீழ்த்துகிறான்.

கராத்தேக்கும் இராணுவத்துக்குமான உறவு இப்படத்தின் கற்பனை அன்று. கராத்தேயைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்ற இதோசு அன்கோ 1908 இல் எழுதிய பத்து நெறிகளிலேயே, இக்கலை மாணவரைப் படைப்பணிக்கு ஆயத்தமாக்கும் என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. தற்காப்பின் அறத்தைப் போதித்த மரபே நாட்டின் போர்த்தேவைக்கும் தன்னைப் பரிந்துரைத்தது. தாய்கானை வெறும் துரோகியாகக் காண்பவர் இவ்வரலாற்றைக் காணத் தவறுவர். அவனும் மரபின் ஒரு பாதியே. படத்தின் துணிவு இங்குள்ளது.

நடிகர் தேர்வும் இத்துணிவின் பகுதி. கிர்யுவாக யாகி அகிஹிதோ, மியாகி சோஜுனின் மாணவரான யாகி மெய்தோகுவின் பேரர், கொஜு-ரியு ஆசான். தாய்கானாக நாகா தாட்சுயா, ஜப்பான் கராத்தே சங்கத்தின் ஷோதோகான் ஆசான். இருவருமே தொழில்முறை நடிகர்கள் அல்லர். உரையாடல் காட்சிகளில் அது தெரிகிறது. முகங்கள் இறுகி நிற்கின்றன. சண்டை தொடங்கியதும் நிலை மாறுகிறது. யாகியின் நிலைகள் குறுகியவை. எதிரியை நெருங்க விட்டு, வட்டமாகத் தடுத்து, அங்கேயே முடிப்பவை. நாகா நீண்ட தாழ்நிலையிலிருந்து தொலைவை ஒரே எட்டில் கடப்பவர். இது காண்போருக்கு விருந்து. கதைக்கோ சிறு இடறல்: ஒரே ஆசானிடம் வளர்ந்த இருவரின் உடல்கள் இருவேறு வழிகளைப் பேசுகின்றன. பயிற்சியறிந்த பார்வையாளர் அதனைக் கவனியாதிருக்க மாட்டார்.

ஒளிப்பதிவு இவ்வுடல்களை நம்புகிறது. தலை முதல் கால் வரை உடல் தெரியும் தொலைவில் படக்கருவி நிற்கிறது; வெட்டுகள் குறைவு. ஓரடியில் முடியும் மோதல்கள் ஓரடியிலேயே முடிகின்றன. ஷோதோகான் பயிற்சியில் ‘சுன்தோமே’ என்னும் முறை உண்டு: முழுவிசையுடன் சென்ற முட்டி எதிரியின் உடலை ஒட்டி, ஓரங்குல இடைவெளியில் நிற்க வேண்டும். திரைச்சண்டையும் இயல்பிலேயே இத்தகையதுதான். அடிப்பதுபோல் அடித்து, அடியாது நிறுத்துவது. பிற சண்டைமுறைகளைப் படமாக்கும்போது பொய்யாக நிற்கும் இவ்விடைவெளி, இப்படத்தில் கலையின் சொந்த ஒழுக்கமாக நிற்கிறது. நாகாவின் முட்டி நிற்கும் இடத்தில் அடி விழுந்ததாகப் பார்வையாளர் ஏற்பது ஒலியமைப்பின் வலிமையால் அன்று; நிறுத்தும் ஆற்றல் உடையவனுக்கே நிறுத்தாத ஆற்றலும் உண்டு என்பதை அவ்வுடல் உணர்த்துவதால்.

இதற்கு எதிர்முனை, நாகா மீண்டும் ஆசானாகத் தோன்றிய ‘ஹை கிக் கேர்ள்!’ (2009). நிஷி ஃபுயுஹிகோவின் இயக்கம். நாயகி தகேதா ரினா ரியுக்யு வழிக் கராத்தேயில் கருப்புப் பட்டை பெற்றவர். கம்பிகளோ கணினி வரைகலையோ இன்றி, மெய்யான அடிகளுடன் எடுக்கப்பட்டது என்பதே அப்படத்தின் விளம்பரம். அதனை மெய்ப்பிக்க ஒவ்வொரு நல்ல அடியும் மெதுவசைவில் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. அடிபட்டதற்குச் சான்று கிடைக்கிறது. சண்டையின் தாளம் சிதைகிறது. பயிற்சியாளர் ஒருமுறை பார்க்கலாம், நுட்பங்களைக் குறித்துக்கொள்ள. படமாக அது நிலைப்பதில்லை. மெய்யான அடி மெய்யான சண்டைக்காட்சியைத் தந்துவிடும் என்னும் நம்பிக்கையை அப்படமே பொய்ப்பிக்கிறது.

‘கருப்புப் பட்டை’யின் இறுதி மோதலில் வண்ணம் நீங்கிப் படம் கருப்பு வெள்ளையாகிறது. தன்மேல் பாயும் பழிவாங்கலுக்கும் கை உயர்த்தாத நிலைவரை சென்ற கிர்யு, தாய்கானின் எதிரே நிற்கிறான். அடிப்பதா என்பதே அவன்முன் உள்ள வினா. தொடக்கத்தில் அசைவுகள் கட்டாவைப் போல் தெளிவாக உள்ளன. நேரம் செல்லச் செல்ல நிலைகள் குலைகின்றன, மூச்சிரைப்பு மேலோங்குகிறது, முட்டிகள் குறிதவறுகின்றன. இருபதாண்டுப் பயிற்சியின் ஒழுங்கு கண்முன்னே உதிர்ந்து, களைத்த இரு மனிதர் ஒருவர்மேல் ஒருவர் சாயும் நிலை வருகிறது. வெற்றியைக் கொண்டாடும் இசை எழுவதில்லை. யாருடைய அடி முதலில் விழுந்தது என்று அப்போது எவராலும் சொல்ல முடியாது. படக்கருவி அதே தொலைவில், அதே அசையாமையுடன் பார்த்துக்கொண்டிருக்கிறது.